விடியற்கால நட்சத்திர இல்லம்
மரியாயின் சேனை பிறந்த ஊரில் வீடற்றோர் கண்ட அடைக்கலம்

நம் பங்கின் பொன்விழா மலருக்கு மரியாயின் சேனையின் சார்பில் ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் பங்கில் எத்தனை பிரசீடியங்கள், யார் யார் தலைவராய் இருந்தார்கள், எத்தனை வீடுகள் சந்திக்கப்பட்டன என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் நினைத்தோம். அந்த விவரமெல்லாம் பங்கின் ஆண்டறிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இச்சேனை பிறந்த டப்ளின் நகரில், அது தெருவில் கிடந்த மனிதரோடு எப்படிப் பழகியது என்ற வரலாற்றை, நம் பங்கு மக்கள் அதிகம் கேள்விப்படாத ஒன்றை, இங்கே எழுதத் துணிந்தோம்.

மாலை செபமாலை முடிந்ததும் தேவமாதாவின் பிரார்த்தனையில் 'விடியற்கால நட்சத்திரம்' என்று நம் அன்னையை அழைக்கிறோம். வாய் பழகிப்போன அந்தப் பெயர், டப்ளின் நகரின் வடபகுதியில் ஒரு பழைய கட்டடத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 1927 முதல் அது வீடற்ற ஆண்களுக்கான விடுதி. அங்கே போகுமுன், அந்தக் கட்டடம் அதற்கு முன்பு என்னவாக இருந்தது என்பதை அறிவது அவசியம்.

அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1838 ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி நாடெங்கும் 'ஒர்க் ஹவுஸ்' என்னும் பெரும் கட்டடங்கள் எழும்பின. பசித்தவனுக்கு உதவி வேண்டுமானால் அதற்குள்ளே போயாக வேண்டும். உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். சொந்த உடையைக் கழற்றிவிட்டு விடுதியின் உடையை உடுத்த வேண்டும். சோம்பேறிகள் வந்து குவிந்துவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே வாழ்க்கையைக் கடினமாக்கி வைத்திருந்தார்கள். 1845 இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, அக்கட்டடங்கள் நிரம்பி வழிந்தன. ஆயிரமாயிரமாய் உள்ளேயே மடிந்தார்கள். அதற்குப் பிறகு பல தலைமுறைகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஐரிஷ் ஏழைகளுக்கு நடுக்கம். டப்ளினில் இவை இரண்டு: தெற்கு யூனியன், வடக்கு யூனியன். நம் சேனையின் கதை தெற்கு யூனியனில் தொடங்கி வடக்கு யூனியனில் வந்து நிற்கிறது.

பிராங்க் டஃப் 1889 ஜூன் 7 அன்று டப்ளினில் பிறந்தார். 1908 இல் அரசு அலுவலில் சேர்ந்தார். கணக்கில் சூரர், நல்ல உத்தியோகம், கண்ணியமான குடும்பம். 1913 இல் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் உறுப்பினரானபோதுதான், தாம் அன்றாடம் நடக்கும் வீதிகளுக்குப் பின்னால் இருந்த வறுமையை முதன்முதலாகக் கண்டார். அதுவரை அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பது நமக்கும் தெரிந்ததே.

1921 செப்டம்பர் 7, மாலை எட்டு மணி. பிரான்சிஸ் வீதியில் மைரா ஹவுஸ் என்ற இல்லத்தின் மேல்மாடியில் பதினைந்து பேரளவில் பெண்கள், பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம்பெண்கள், அருள்தந்தை மைக்கேல் டோஹர், பிராங்க் டஃப் ஆகியோர் மாதாவின் சுரூபத்தைச் சுற்றி முழந்தாளிட்டுச் செபித்தார்கள். மாதாவின் பிறந்தநாளுக்கு முந்திய மாலை அது. நாம் வேளாங்கண்ணியில் தேர் பார்க்கக் கூடி நிற்கும் அதே மாலை. அன்று அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை, தெற்கு யூனியன் மருத்துவமனையில் ஆதரவற்றுக் கிடந்த பெண் நோயாளிகளை இருவர் இருவராய்ப் போய்ச் சந்திப்பது. இருவர் இருவராய்ப் போகும் அந்த வழக்கம் இன்றுவரை நம்மிடமும் இருக்கிறது. 'மரியாயின் சேனை' என்ற பெயரே 1925 இல்தான் வந்தது. பெயர் வருவதற்கு முன்பே வேலை வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1922 ஜூலை. நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. டப்ளின் வீதிகளில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தும் ஓயாத நேரம். அந்தச் சமயத்தில் சேனையர், உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் தங்கியிருந்த ஒரு வாடகை விடுதிக்குள் நுழைந்தார்கள். கண்ணியமான குடும்பத்தார் அந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சின் முடிவில் ஒரு தியானத்துக்கு வர இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் இசைந்தார்கள். பால்டாயில் என்ற கடலோரச் சிற்றூரில் கன்னியர் மடம் ஒன்று இடம் கொடுத்தது. பிரான்சிஸ்கன் சபைக் குருவானவர் தியானம் கொடுத்தார்.

இதுவரை எந்தப் பக்திச் சங்கமும் செய்யக்கூடியதுதான். தியானம் முடிந்து பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கிய பிறகு இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்பதே கேள்வி. மனம் மாறியவளுக்கு அன்று இரவு படுக்க இடம் இல்லையென்றால், பழைய விடுதிதான் அவளுடைய வீடு. டஃப் நேரே அரசாங்கத்திடம் போனார். உள்ளாட்சி அமைச்சராயிருந்த வில்லியம் காஸ்கிரேவ், ஹார்கோர்ட் வீதியில் 76 ஆம் எண் வீட்டைக் கொடுத்தார். விடுதலைப் போராட்ட நாட்களில் மைக்கேல் காலின்ஸ் மறைவாய் அலுவலகம் நடத்திய வீடு அது. சோதனைக்கு வந்தவர்களிடமிருந்து அவர் கூரைவழியே தப்பிய வரலாறு அந்த வீட்டுக்கு உண்டு. தப்பி ஓடுகிறவர்களுக்கென்றே அமைந்த வீடு போலும்! அங்கே 'சாங்க்தா மரியா' விடுதி பிறந்தது. தியானம் முடிந்து வந்த பெண்கள் நேரே அங்கே அழைத்து வரப்பட்டார்கள்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் இருந்த பெண் எவளும் எப்பொழுது வேண்டுமானாலும் வெளியே போகலாம். இது பெரிய விஷயமா என்று தோன்றும். அக்காலத்து அயர்லாந்தில் அது மிகப் பெரிய விஷயம். 'தவறிப்போன' பெண்கள் என்று ஊர் பெயர் சூட்டியவர்களை மகதலேன் சலவைக்கூடங்கள் என்ற நிலையங்களில் அடைத்து, கூலியில்லாமல் துணி வெளுக்க வைத்தார்கள். அவற்றை நடத்தியவர்கள் நம் திருச்சபையின் கன்னியர் சபைகள்தாம். கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996 இல். 2013 பிப்ரவரியில் அயர்லாந்தின் பிரதமர் நாட்டின் பெயரால் அப்பெண்களிடம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பொன்விழா மலரில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. எழுதாவிட்டால் சாங்க்தா மரியாவின் பூட்டாத கதவுக்கு என்ன அர்த்தம் என்பது விளங்காது. ஒரே விசுவாசம், ஒரே செபமாலை, ஒரே நகரம். ஓரிடத்தில் கதவு பூட்டியிருந்தது; இன்னோரிடத்தில் திறந்திருந்தது.

1925 மார்ச் 12 இரவு, 'மாண்டோ' என்று பேர்பெற்ற டப்ளினின் பழைய தாசி வீதிகளில் போலீசார் பெரும் சோதனை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அதற்கு முன்பு இரண்டாண்டுக் காலம் சேனையர் அந்த வீதிகளில் வீடு வீடாய் ஏறி இறங்கியிருந்தார்கள். செய்தித்தாள்கள் சோதனையைப் பெரிதாய் எழுதின. சோதனை ஓர் இரவு வேலை என்பதும், அந்தப் பெண்களுக்கு மறுநாள் இரவு தங்க இடம் வேண்டுமென்பதும் எங்களைப் போன்ற சிறு சேனையருக்கு அதைவிட முக்கியமாய்ப் படுகிறது.

அதே 1925 இல், ஜூன் 7 அன்று, மூவொரு கடவுள் பெருவிழாவன்று காலை, கிரான்பி சந்தில் திருப்பலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழட்டுக் கூலியாள் விழுந்து இறந்தார். அவர்தான் மாட் டால்பட். (ஜூன் 7 டஃப்பின் பிறந்த நாள். சேனை பிறந்தது செப்டம்பர் 7. டஃப் இறந்தது நவம்பர் 7. ஏழாம் எண்ணில் பிரியமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்!) மாட் டால்பட் பன்னிரண்டு வயதில் மதுப்புட்டி நிரப்பும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மீசை அரும்புமுன்பே குடிகாரரானவர். கூலியெல்லாம் கடைக்கே போகும். காலணியை விற்றும் குடித்தவர். ஒருநாள் தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஏழையின் பிடிலைத் தோழர்களோடு சேர்ந்து திருடி விற்றுக் குடித்துவிட்டார். 1884 இல், கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றபோது, தாம் எத்தனையோ முறை வாங்கிக் கொடுத்த தோழர்களில் ஒருவரும் ஒரு குவளை வாங்கித் தரவில்லை. வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொல்லிவிட்டு, குருவிடம் மூன்று மாதத்துக்குக் குடிப்பதில்லையென்று வாக்குக் கொடுத்தார். அந்த மூன்று மாதம் நாற்பத்தொரு ஆண்டுகள் நீண்டது. மரக்கிடங்கில் கூலி வேலை செய்து பழைய கடன்களை ஒவ்வொன்றாய் அடைத்தார். பிடில்காரரை மட்டும் நகரெங்கும் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பணத்தை அவருடைய ஆன்மாவுக்காகப் பூசைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1975 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

மாட் டால்பட் எந்த விடுதியிலும் தங்கியவரல்லர். அவருக்குக் கொஞ்சமாவது கூரை இருந்தது, தாய் இருந்தாள். இவ்விரண்டும் இல்லாதவன் என்ன செய்வான்? அவனுக்கு மூன்று மாத வாக்குறுதி இருக்கட்டும், மூன்று நாள் வாக்குறுதியைக் காப்பாற்றவும் ஓர் இடம் வேண்டுமே. மாட் டால்பட் இறந்த இரண்டாம் ஆண்டில் அந்த இடம் திறந்தது.

1927 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். வடக்கு பிரன்ஸ்விக் வீதியருகே, பழைய வடக்கு யூனியனின் ஒரு பகுதியில் விடியற்கால நட்சத்திர விடுதி ஆண்களுக்காகத் திறக்கப்பட்டது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் சண்டையிட்டுத் திரும்பிய ஐரிஷ்காரரை ஊர் வெறுத்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் புதிய அரசின் படையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். துறைமுகத்தில் வேலை இன்று உண்டு, நாளை இல்லை. இவர்களோடு குடியும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? அன்றுவரை அத்தகையவனுக்குக் கடைசிப் புகலிடம் எதுவோ, எந்தச் சுவர்களுக்குள் மனிதன் தன் உடையையும் குடும்பத்தையும் வாசலில் விட்டுப் போனானோ, அதே சுவர்களுக்குள்தான் இப்பொழுது சேனையர் படுக்கை விரித்தார்கள்.

அவர்களில் சிலர் அங்கேயே குடியிருந்து, சம்பளமின்றி, அதே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் பணி செய்தார்கள். மற்றவர்கள் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், தொழிலாளிகள். பகல் வேலை முடிந்து மாலையில் வந்தார்கள். டஃப்பும் அப்படித்தான். 1934 இல் அரசு உத்தியோகத்தை விடும்வரை பகலில் கோப்புகளும் மாலையில் விடுதியுமாய் இருந்தார். விடுதிக்கு வருகிறவன் யார், என்ன பாவம் செய்தான் என்ற விசாரணைக்கு அங்கே முதலிடம் இல்லை. பசித்தவனிலும் அந்நியனிலும் ஆண்டவரையே காணவேண்டும் என்ற மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை நாம் கோவிலில் உட்கார்ந்து கேட்கிறோம். சேனையின் கைநூல் அதைத் தினசரி வேலைக்குரிய சட்டமாகவே வைத்துவிட்டது. குளிக்காத, குடிநாற்றம் வீசுகிற, நேற்று உன்னைத் திட்டிவிட்டுப் போன அந்த மனிதனிடமும் அதே மரியாதை. சொல்வது எளிது. அரசு மருத்துவமனையில் ஆளில்லா நோயாளிகளிடம் போய்வந்த எங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று ஓரளவு தெரியும்.

தங்குகிறவர் முடிந்தால் சிறு தொகை செலுத்த வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. கையில் இல்லாதவரைத் திருப்பி அனுப்புவதில்லை. ஏழையிடம் காசு கேட்பதா என்று சிலருக்குக் கோபம் வரலாம். நம் பங்கிலும் 'செபமாலையோடு வருகிறார்கள், ஐந்து ரூபாய் தருவதில்லை' என்று எங்களைக் குறை சொல்வோர் உண்டு. பொருளுதவி செய்யக்கூடாதென்பது சேனையின் விதி; அதற்கென்று வின்சென்ட் தே பவுல் சபையினர் இருக்கிறார்கள். கொடுப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன் என்று ஆகிவிட்டால், பிறகு இருவரும் சமமாய் உட்கார்ந்து பேச முடியாது என்பதே அதன் உட்பொருள். படுக்கைக்குச் சில பென்னி கொடுத்தவன் பிச்சைக்காரனல்லன். அவன் அங்கே தங்குபவன். அந்தச் சில பென்னியைச் சம்பாதிக்க அவன் காலையில் எழுந்து, முகம் கழுவி, துறைமுகத்திலோ சந்தையிலோ வேலை கேட்டு நிற்க வேண்டும். 'எங்கே தங்கியிருக்கிறாய்?' என்று கேட்டால் சொல்ல ஒரு விலாசமும் இருக்கும். மாலையில் திரும்பினால் பெயர் சொல்லி அழைப்பவர் இருப்பார். செபமாலை நடக்கும். மனிதன் மறுபடி எழுந்து நிற்பது இப்படித்தான், ஒரேநாளில் அல்ல. பலர் திரும்பத் திரும்ப விழுந்தார்கள். விழுந்தவனை இனித் தேறமாட்டான் என்று கணக்குத் தீர்த்துவிட சேனையின் போதனை இடங்கொடுப்பதில்லை.

1930 அக்டோபரில் அதே வளாகத்தில் பெண்களுக்காக 'ரெஜீனா சேலி', அதாவது பரலோக இராக்கினி விடுதி திறந்தது. எங்களைக் கேட்டால் மூன்று இல்லங்களிலும் துணிச்சல் மிக்கது இதுவே. திருமணமாகாமல் தாயானவளுக்கு அன்றைய அயர்லாந்தில் இடமில்லை. தாய்-சேய் இல்லங்களுக்கு அனுப்புவார்கள். குழந்தை பிறந்தபின் தாயையும் சேயையும் பிரித்துவிடுவதே பொதுவாய் நடந்தது. பல குழந்தைகள் கடல் கடந்து அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். ரெஜீனா சேலியில் தாய் தன் குழந்தையைத் தன்னுடன் வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் கண்ட வழியும் எளியது: சில தாய்மார் ஒரு குடும்பம்போல் சேர்ந்திருப்பார்கள், ஒருத்தி எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள், மற்றவர்கள் வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பார்கள். நம் கிராமங்களில் நாற்று நடவுக்குப் போகும்போது பெரியம்மாவிடம் பிள்ளையை விட்டுப்போவதில்லையா, அதுபோல. அத்தகைய தாய்மாருக்கு அயர்லாந்து அரசு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது 1973 இல்தான். அதற்கு நாற்பத்து மூன்று ஆண்டு முன்பே இந்த ஏழை விடுதி தொடங்கிவிட்டது.

இதிலும் முழு உண்மையைச் சொல்லவேண்டும். 2021 ஜனவரியில் வெளியான அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை ரெஜீனா சேலியையும் ஆராய்ந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் அங்கே தங்கிச் சென்றதையும், தாயும் சேயும் சேர்ந்திருக்க உதவியதையும் அது பதிவு செய்தது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கே பச்சிளங்குழந்தைகள் ஏராளமாய் இறந்ததையும் அதுவே பதிவு செய்திருக்கிறது. பழைய கட்டடம், நெரிசல், பணமில்லை, பயிற்சி பெற்ற தாதியர் போதவில்லை. அன்பு நிறைந்த இடத்திலும் நோய்க்கிருமி பரவும். அந்தக் குழந்தைகளை எங்கள் செபத்தில் நினைக்கிறோம்.

இப்படி மீண்டு எழுந்தவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. கூட்டத்தில் கேட்டதையும் சந்திப்பில் அறிந்ததையும் வெளியே பேசலாகாது என்பது ஒவ்வொரு சேனையரும் ஏற்கும் நிலையான கட்டளைகளில் ஒன்று. திரும்பப் போய்த் திருமணம் செய்து, பேரன் பேத்தி எடுத்தவளின் பழைய கதை இன்னொருவரின் மலரில் அச்சாகாமல் இருப்பதும் அவளுக்குச் செய்யும் சேவையே. உதவிய பக்கத்துப் பெயர் ஒன்றைச் சொல்லலாம். நம் பிரசீடியங்களில் எல்லாருக்கும் தெரிந்த எடெல் குவின், ஆப்பிரிக்காவுக்குப் போய் 1944 இல் நைரோபியில் உயிர்நீத்தவர், இருபது வயதைத் தாண்டிய சிறு பெண்ணாய் இருந்தபோது டப்ளினில் செய்த வேலை, தெருவில் நின்ற இப்பெண்களைத் தேடிப்போன பிரசீடியத்துக்குத் தலைவியாய் இருந்ததுதான். படத்தில் பார்க்கும் அந்தப் புன்னகை எந்தச் சந்துகளில் நடந்து பழகியது என்பதை நம் இளம்பெண்கள் அறிந்திருப்பது நல்லது.

பிராங்க் டஃப் 1965 இல் வத்திக்கான் சங்கத்துக்குப் பொதுநிலையினர் சார்பில் அழைக்கப்பட்டார். ஆயர்கள் கைதட்டி வரவேற்றார்கள். சங்கம் முடிந்ததும் ஊர் திரும்பி, தம் மிதிவண்டியோடும் கடிதக் கட்டுகளோடும், அந்த விடுதிகளுக்கு அருகே இருந்த தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். அங்கேயே 1980 நவம்பர் 7 அன்று, 91 ஆம் வயதில் காலமானார். அவரைப் புனிதராக்கும் முயற்சி 1996 இல் தொடங்கியது. விடுதி இருக்கும் சந்துக்கே இப்பொழுது 'மார்னிங் ஸ்டார் அவென்யூ' என்று பெயர். உலகெங்கும் உள்ள சேனைக்குத் தலைமையான கொன்சீலியமும் அங்கேதான். ஆண்கள் விடுதியும் பெண்கள் விடுதியும் பல பத்தாண்டுக் காலம் அதே இடத்தில் வீடற்றோரை ஏற்று வந்தன.

நம் பங்கில் எங்கள் வாரக் கூட்டம் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஞானோபதேச அறையில் நடக்கிறது. பேருந்து நிலையத்தில் இரவு படுப்பவர்களைச் சந்திக்கும் வேலையை இந்தப் பொன்விழா ஆண்டில் தொடங்கியிருக்கிறோம். இருவர் இருவராய்ப் போக வேண்டியிருப்பதால் ஆண்கள் இன்னும் நால்வராவது தேவைப்படுகிறார்கள்.